பதினாறே சாவி

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து வெளியூர் போய்ப் பெயர் வாங்கியவர்களில் ராமானுஜருக்குத்தான் முதல் இடம். மரபுக் கணக்குப்படி அவர் பிறந்த வருடம் 1017. ஹூண்டாய் நிறுவனம் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது 1996இல். ஆயிரம் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் அவருக்கு உள்ளூர் வேலை தவறிப்போனது. காஞ்சிபுரம் போனார், துறவியானார், கடைசியில் ஸ்ரீரங்கத்தில் தலைமைப் பீடத்தில் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பதவி இவரிடம், சாவி வேறொருவரிடம்.

கோயில் சாவிக்கொத்து பெரிய கோயில் நம்பி என்பவர் இடுப்பில் இருந்தது. பூஜை நேரம், மடைப்பள்ளிக் கணக்கு, யாருக்கு எந்தக் கைங்கரியம் என்று ராமானுஜர் என்ன மாற்றம் சொன்னாலும் நம்பி மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். சாவி மட்டும் இடுப்பைவிட்டு இறங்காது. அரசு அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போய், ஸ்டோர் ரூம் சாவி பழைய கிளார்க்கிடம் இருப்பதைக் கண்டுபிடித்தவர்களுக்கு இந்தக் கட்டத்தை விளக்க வேண்டியதில்லை.

ராமானுஜர் பூட்டை உடைக்கவில்லை. கூரத்தாழ்வானை அனுப்பினார். காஞ்சிக்குப் பக்கத்துக் கூரத்தில் பெரிய செல்வந்தராக இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் அவர். இரவில் அவர் மாளிகைக் கதவைச் சாத்தினால் அதில் கட்டிய மணிச் சத்தம் காஞ்சிக் கோயில் தாயாருக்கே கேட்கும் என்பது குருபரம்பரைக் கதை. பூட்டு, கதவு விவகாரத்தில் அனுபவம் உள்ள ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். நம்பியின் தாயார் காலமாகிப் பதினோராம் நாள் சடங்கு வந்தது. அன்று இலையில் உட்கார ஒருவர் வேண்டும். சாப்பிட்டு முடித்து அவர் வாயால் ‘திருப்தி’ என்று சொன்னால்தான் சடங்கு பூர்த்தி. ஆழ்வான் உட்கார்ந்தார், சாப்பிட்டார். நம்பி கேட்டார், திருப்தியா? பதில் இல்லை. வேறென்ன வேண்டும் என்று கேட்டதும் ஆழ்வான் வாய் திறந்தார்: சாவி.

தாயாரின் பரலோக யாத்திரை ஒரு பக்கம், இடுப்பில் கொத்து ஒரு பக்கம். கொத்து இறங்கியது. இதில் வியப்பு என்னவென்றால், சாவியைப் பறிகொடுத்த நம்பிதான் பிறகு திருவரங்கத்தமுதனார் ஆகி, பறித்தவர் மேல் 108 பாடல்களில் இராமானுச நூற்றந்தாதி பாடினார். பொறுப்பைப் பிடுங்கியவரைப் பற்றி இத்தனை பாட்டு எழுதிய இன்னொரு அதிகாரியை நிர்வாக வரலாற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கதையைக் கேள்விப்படாத சில அமெரிக்கர்கள் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டது 1964 ஏப்ரல் 7இல். அன்றுதான் ஐபிஎம் சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. 500 கோடி டாலர் செலவில் கம்பெனியையே பணயம் வைத்து ஆடிய ஆட்டம் என்பார்கள். ஜீன் அம்டால், ஃபிரெட் புரூக்ஸ், ஜெரிட் பிளாவ் மூவரும் அதன் தலைமைச் சிற்பிகள். அதுவரை பெரும்பாலான கணினிகள் தனிக்குடித்தனம்: ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம், அது முடிந்து வெளியே போனால் அடுத்தது. 360இல் ஒரே நினைவகத்தில் பல புரோகிராம்களைக் குடிவைக்கத் திட்டம். திருவல்லிக்கேணி ஸ்டோர் வீடு மாதிரி, ஒரே கூரை, ஒரே முற்றம், வரிசையாகப் போர்ஷன்கள். இந்த ஏற்பாட்டில் முதல் நாளே எழும் கேள்வி, பக்கத்துப் போர்ஷன்காரர் என் அரிசியில் கைவைத்தால் யார் பொறுப்பு என்பது.

அதற்குத்தான் சாவி. நினைவகத்தை 2,048 பைட் துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நாலு பிட் எண் ஒன்று, 0 முதல் 15 வரை. ஓடும் புரோகிராமுக்கும் அதேபோல ஒரு எண். இரண்டும் ஒத்துப்போனால் எழுதலாம்; இல்லையென்றால் வன்பொருளே கையைப் பிடித்து நிறுத்திவிடும். 0 என்பது வீட்டுக்காரர் சாவி, எல்லாக் கதவும் திறக்கும். இந்த எண்களை எங்கே வைப்பது என்பதில்தான் பொறியாளர்கள் சாமர்த்தியம் காட்டினார்கள். நினைவகத்துக்குள்ளேயே வைத்தால் குடித்தனக்காரர் தன் சாவியைத் தானே திருத்திக்கொள்வார். அதனால் தனியாக ஒரு குட்டி நினைவகம். எந்த முகவரி கொடுத்தாலும் சாதாரணப் புரோகிராமால் அங்கே போக முடியாது. மேற்பார்வை நிலையில் ஓடும் இயக்க மென்பொருள் மட்டும் அதற்கென்றே உள்ள கட்டளையால் சாவியை மாற்றலாம். நம்பியின் இடுப்பு என்று சொல்லலாம்.

கேட்க அழகாக இருக்கிறது. விலைப்பட்டியலைப் பார்த்தால்தான் வியாபாரம் புரியும். சின்ன மாடல்களில் இந்தப் பாதுகாப்பு தனிக் காசுக்கு. அதோடு, அடிப்படை ஏற்பாடு எழுதுவதை மட்டுமே தடுத்தது. படிப்பதைத் தடுக்க இன்னொரு வசதியைக் கூட வாங்க வேண்டும். அதாவது பக்கத்துப் போர்ஷனுக்குள் புகுந்து பாத்திரத்தை உருட்டக் கூடாது, ஆனால் ஜன்னலில் நின்று என்ன சமையல் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். ஸ்டோரில் குடியிருந்த யாரும் இதை ஒரு குறையாகவே நினைக்க மாட்டார்கள்.

நாலு பிட் என்பதால் மொத்தம் பதினாறு எண். வீட்டுக்காரருடையது போக மிச்சம் பதினைந்து. 360இன் இயக்க மென்பொருளான ஓஎஸ்/360இன் எம்எஃப்டி, எம்விடி என்ற இரண்டு வகைகளிலும் ஒரே நேரத்தில் பதினைந்து வேலைகளுக்கு மேல் குடிவைக்க முடியாமல் போனதற்கு இந்த நாலு பிட்தான் காரணம். கோடிக்கணக்கில் கொடுத்து மாளிகை வாங்கிய பிறகும் பதினாறாவது குடித்தனத்துக்குச் சாவி கிடையாது.

இதைவிடப் பெரிய கூத்து வேறொன்று. இத்தனை பேரைக் குடிவைக்க யோசித்தவர்கள், குடிவந்தவரை வேறு போர்ஷனுக்கு மாற்றும் வழியை யோசிக்கவில்லை. ஒரு புரோகிராம் ஒருமுறை நினைவகத்தில் ஏறிவிட்டால் அதன் பதிவேடுகளில் அந்த இடத்தின் உண்மை முகவரிகள் ஏறிவிடும். அப்புறம் இடத்தை மாற்றினால் பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டும். நடுவில் ஒரு நீண்ட வேலை உட்கார்ந்துகொண்டால் இந்தப் பக்கம் கொஞ்சம் இடம், அந்தப் பக்கம் கொஞ்சம் இடம். சேர்த்துப் பார்த்தால் தாராளம், ஒருவரைக் குடிவைக்கப் போதாது. நேரப்பகிர்வுக் கணினி கட்டிக்கொண்டிருந்த எம்ஐடிகாரர்கள் இதைப் பார்த்துவிட்டு ஐபிஎம்முக்குக் கும்பிடு போட்டு, மல்டிக்ஸ் திட்டத்துக்கு ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஐபிஎம் அவசரமாக மாடல் 67 என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. முகவரியை ஓட்டத்திலேயே மொழிபெயர்த்துத் தரும் பெட்டி ஒன்று அதில் கூடுதலாக இருந்தது. வடிவமைத்தவர் பெயரால் அதற்குப் ‘பிளாவ் பெட்டி’ என்று செல்லப்பெயர்.

செல்லப்பெயர் வைத்த பிள்ளையையும் அடுத்த தலைமுறையில் ஐபிஎம் மறந்தது. 1970 ஜூனில் சிஸ்டம்/370இன் முதல் மாடல்களாக 155, 165 இரண்டும் வந்தன. அந்தப் பெட்டி இல்லை. ஆசையாக வாங்கினார்கள். 1972 ஆகஸ்டில் அதே ஐபிஎம் 158, 168 என்று புது மாடல்களை அறிவித்து, இவற்றில் பெட்டி உண்டு என்றது. அப்போ எங்கள் 155? அதற்கும் பெட்டி தருகிறோம், 2 லட்சம் டாலர். 165 வைத்திருந்தவர்களுக்கு 4 லட்சம். வீட்டை விற்றுவிட்டு, வாசற்படிக்குத் தனி பில் போட்ட கதை.

இந்த 155தான் 1973இல் சென்னைக்கு வந்தது. அடையாறுக்கும் கிண்டிக்கும் நடுவே, மான்கள் மேயும் ஐஐடி வளாகத்துக்கு. மேற்கு ஜெர்மனியின் உதவியில் 1959இல் தொடங்கிய ஐஐடிக்கு அதே மேற்கு ஜெர்மனியின் உதவியில் கிடைத்த அமெரிக்க இயந்திரம் அது. புது மாடல் அறிவித்த மறுவருடம் பழைய மாடல் வந்ததே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வழக்கம் நமக்கு இல்லை. தவிரவும், நாட்டின் பல கணினி நிலையங்களில் அப்போதும் ஐபிஎம் 1401தான். அதுவும் வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து, பம்பாய்த் தொழிற்சாலையில் புதுப்பித்து வாடகைக்கு விடப்பட்டது. அந்த வரிசையில் 155 மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது.

குளிர்சாதன அறைக்குள் 155; வெளியே பங்குனி வெயிலில் ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டுடன் மாணவர்கள். ஒரு கார்டில் ஒரு வரி. கட்டு கைதவறிக் கீழே கொட்டினால் புரோகிராம் சீட்டாட்டம் ஆகிவிடும். கட்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போய், பிறகு வந்து அச்சடித்த தாளை வாங்க வேண்டும். யாரோ ஒரு முதுநிலை மாணவர் ஃபோர்ட்ரானில் ஆயிரம் எண்களுக்கு இடம் கேட்டுவிட்டு, வரிசையெண் கணக்கில் தவறி ஐம்பதாயிரமாவது இடத்தில் எழுதப் போகிறார் என்று வையுங்கள். தன் போர்ஷனுக்குள்ளேயே விழுந்தால் தன் பாத்திரம்தான் உடையும். எல்லை தாண்டினால் அடுத்தவரின் பாலக் கணக்கு இவர் எண்களால் நிரம்பி, பாலம் காகிதத்திலேயே இடிந்துவிடும். 370இல் எழுதுவது, படிப்பது இரண்டையுமே தடுக்க முடிந்தது. ஜன்னலுக்கும் கதவு வந்துவிட்டது. சாவி பொருந்தவில்லை என்றதும் இயந்திரம் வேலையை நிறுத்தி, குற்ற எண்ணைத் தாளில் அடித்துத் துப்பிவிடும்: எஸ்0சி4.

அந்த எண் சென்னையில் ஒரு தலைமுறைக்கே சோறு போட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் 2000ஆம் வருடப் பிழையைத் திருத்த நகரத்தின் பாதி இளைஞர்கள் கோபால் கணினிமொழிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மெயின்பிரேம் படிக்கப் போனபோது, நடுராத்திரியில் அவர்களை எழுப்பியது ‘சாக் ஃபோர்’, ‘சாக் செவன்’ என்ற இரண்டு பெயர்கள்தான். செவன் என்றால் எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து. ஃபோர் என்றால் சாவி இல்லாத கதவைத் தட்டியிருக்கிறாய், இல்லையென்றால் அங்கே கதவே இல்லை. வாடிக்கையாளர் நியூ ஜெர்சியில் இருப்பார், கதவு அவருடையது, தட்டியவர் நங்கநல்லூரில்.

இடையில் ஐபிஎம்மே நாட்டைக் காலி செய்தது தனி அத்தியாயம். 1973ஆம் வருடத்து அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியக் கிளையில் அந்நியப் பங்கைக் குறைக்கச் சொன்னது அரசு. ஐபிஎம் முழுச் சாவியும் என்னிடம்தான் இருக்கும் என்றது. ஜனதா ஆட்சியில் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தொழில்துறை அமைச்சராக இருந்தபோது, 1978இல், பெட்டியைக் கட்டியது. நாடெங்கும் இருந்த அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை பொதுத்துறை நிறுவனமான சிஎம்சி கைக்கு வந்தது. கொத்து கைமாறியது, இந்தத் தடவை நூற்றந்தாதி எதுவும் வரவில்லை.

சாவிக்கு வருவோம். 1974இல் எம்விஎஸ் என்ற இயக்க மென்பொருள் வந்ததும் ஒவ்வொரு பயனருக்கும் தனித் தெரு, தனி முகவரி வரிசை என்று ஆகிவிட்டது. ஒருவர் தெரு இன்னொருவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் சாதாரணப் பயனர் எல்லாருக்கும் ஒரே சாவி எண் போதும் என்று எட்டாம் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். 0 முதல் 7 வரை இயக்க மென்பொருளின் சொந்தபந்தங்களுக்கு. பதினைந்து பேருக்குப் பதினைந்து சாவி என்று தொடங்கியது, ஊருக்கெல்லாம் ஒரே சாவி என்று முடிந்தது.

ஆனால் சாவியின் உடம்பு பெருத்தது. 370இல் அது ஏழு பிட். நாலு பிட் எண், ஒரு பிட் எட்டிப் பார்ப்பதைத் தடுக்க. மிச்சம் இரண்டும் வேவுக்காரர்கள். இந்த அறைக்கு யாராவது வந்தார்களா என்று ஒன்று குறித்துக்கொள்ளும், எதையாவது மாற்றினார்களா என்று இன்னொன்று. எந்த நினைவகப் பக்கத்தை வட்டுக்குத் துரத்தலாம், எதை எழுதிச் சேமித்துவிட்டுத் துரத்த வேண்டும் என்று முடிவெடுக்க இந்த இரண்டும் வேண்டும்.

இப்படிப்பட்ட சாவியில் ஒரு பிட் கெட்டுப்போனால்? தரவில் ஒரு பிட் கெட்டால் யாரோ ஒருவர் சம்பளம் தப்பாக வரும், அதைப் பேசித் தீர்க்கலாம். எட்டு என்பது இரும எண்ணில் 1000. முதல் 1 மட்டும் 0 ஆனால் அது 0000, வீட்டுக்காரர் பூட்டு. குடித்தனக்காரர் தன் வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அதே பிட் திசைமாறிப் புரண்டால் வீட்டுக்காரரின் இரும்புப்பெட்டி எட்டாம் எண்ணுக்குத் திறக்கும், எட்டாம் எண்ணோ ஊரிலுள்ள அத்தனை பேரிடமும் இருக்கிறது. ஒரே ஒரு பிட் தூரத்தில் இத்தனை ஆபத்து. அதனால்தான் சாவியையும் சரிபார்க்க வன்பொருளில் ஏற்பாடு வைத்தார்கள். திருத்த முடியாத சாவிப்பிழை என்று முறையிடவே இயந்திரக்கோளாறு அறிவிப்பில் தனியாக ஒரு பிட் உண்டு. பிட்டுக்குப் பிட் காவல்.

வீடு மாற்றும்போதுதான் இந்தச் சாவி உண்மையான தலைவலி. 2005இல் வந்த ஐபிஎம் இசட்9 மெயின்பிரேமில், செயலியும் நினைவகமும் சேர்ந்த ஒரு பலகையை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றிப் பழுதுபார்க்கலாம். முதலில் அந்தப் பலகையில் இருக்கும் அத்தனையையும் மற்றப் பலகைகளுக்குக் குடிமாற்ற வேண்டும், குடியிருப்பவருக்கே தெரியாமல். பண்டபாத்திரத்தை நகலெடுப்பது எளிது. சாவி தரவோடு ஒட்டிக்கொண்டு வராது. முகவரி இல்லாத இடத்தில் இருக்கிறதே. தனியாக எடுத்துப் போய் புதுக் கதவில் மாட்ட வேண்டும். தரவு போய்ச் சேர்ந்து சாவி சேராத அந்தக் கணத்தில் யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது. நகலெடுத்து முடித்த பிறகு பழைய அறையில் யாராவது எதையாவது மாற்றினால், வேவு பிட் பழைய கதவில் எரிந்துகொண்டிருக்கும், புது வீட்டில் பழைய சோறு இருக்கும். ஆழ்வான் ஒரு கொத்தை ஒரு மதியச் சாப்பாட்டில் மாற்றினார். இங்கே லட்சக்கணக்கான கதவுகள், சாப்பாட்டு இடைவேளையும் கிடையாது.

இப்போது ராமானுஜரின் ஊரே சாவிகளின் ஊர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்த மின்னணு ஆலை வாசலுக்குப் போனாலும் கழுத்தில் அட்டை, அட்டைக்கு ஒரு நிறம், போனின் கேமராவில் ஸ்டிக்கர். நோக்கியா ஆலை 2006இல் திறந்து 2014 நவம்பரில் பூட்டியதும், பூட்டிய கட்டடத்தின் சாவி பிறகு சால்காம்ப் கைக்குப் போனதும் இந்தப் பாதையில் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. 2022இல் சான்மினாவும் ரிலையன்ஸும் கூட்டுச் சேர்ந்து, தரவு மையங்களுக்கும் கிளவுடுக்கும் வேண்டிய கருவிகளைச் சென்னைப் பக்கத்து சான்மினா வளாகத்தில் செய்வோம் என்று அறிவித்தன. அப்படிப்பட்ட சர்வர்களுக்குள் இன்றைக்கு நடப்பது, 64இல் தொடங்கிய கதையின் மூன்றாம் பாகம்.

2017இல் வந்த ஏஎம்டி எபிக் செயலிகள் கதவையும் நம்பவில்லை, வீட்டுக்காரரையும் நம்பவில்லை. நினைவகத்தில் இருப்பதையே மறையீடு செய்துவிட்டன. ஒரே சர்வரில் குடியிருக்கும் ஒவ்வொரு விருந்தாளி மெய்நிகர் இயந்திரத்துக்கும் தனி மறைச்சாவி. அதை உருவாக்குவது சில்லுக்குள் குடியிருக்கும் தனிக் காவல் செயலி. சர்வரின் சொந்தக்காரர்கூட அந்தச் சாவியைப் பார்க்க முடியாது. யாராவது ஒரு துண்டை எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டி ஏமாற்றிவிடக் கூடாதென்று, மறையீட்டில் அந்த இடத்தின் முகவரியையும் சேர்த்துப் பிசைந்துவிட்டார்கள். நல்ல யோசனைதான். விளைவு, வீட்டுக்காரர் நியாயமாகவே ஒரு பக்கத்தை வேறிடத்துக்கு நகலெடுத்தாலும், அங்கே போனதும் குப்பையாகத்தான் வாசிக்கக் கிடைக்கும். இந்த ஏற்பாட்டின் 2021இல் வந்த எஸ்என்பி பதிப்பில், பக்கத்தை இடம் மாற்ற வேண்டுமென்றால் அந்தக் காவல் செயலியிடமே மனுப் போட வேண்டும். அதுதான் பிரித்து, எடுத்துப்போய், புது முகவரியோடு மறுபடி பிசைந்து வைக்கும். நம்பி திரும்பி வந்துவிட்டார், இந்தத் தடவை சிலிக்கானில்.

இன்டெல் நேர் எதிர்த் திசையில் போனது. அதே 2017இல் அதன் சர்வர் செயலிகளுக்கும் நினைவகச் சாவிகள் வந்தன. ஐபிஎம் சாவியை அறைக் கதவில் மாட்டியது. இன்டெல் அதை முகவரிப் புத்தகத்தில், ஒவ்வொரு பக்கத்தின் பெயருக்கு எதிரே எழுதியது. எந்த அறைக்குக் குடிமாறினாலும் புத்தகத்தில் அறை எண்ணை மட்டும் திருத்தினால் போதும், சாவி பெயரோடேயே இருக்கும். இத்தனை வருட இடமாற்றத் தலைவலிக்கு ஒரு வரியில் மருந்து. ஆனால் எந்தச் சாவி இப்போது திறக்கும், எது திறக்காது என்று சொல்லும் பதிவேட்டைத் திருத்தும் உரிமையை இயக்க மென்பொருளிடம் வைக்கவில்லை. சாதாரணப் புரோகிராமே ஒரு கட்டளையில் திருத்திக்கொள்ளலாம். இது வெளி எதிரிக்கான பூட்டு அல்ல, தன் கை தவறித் தானே கெடுத்துக்கொள்ளாமல் இருக்க என்பது அவர்கள் விளக்கம்.

சாவியைச் சாதாரணரிடமே கொடுத்துவிடுவதற்கும் ஸ்ரீபெரும்புதூர்க்காரர் முன்னோடி. திருக்கோஷ்டியூர் நம்பி என்ற வேறொரு நம்பியிடம் ஒரு ரகசியத்தைக் கேட்டு ராமானுஜர் பதினெட்டுத் தடவை நடந்தார். பதினேழு தடவை திருப்பி அனுப்பிவிட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு பதினெட்டாவது தடவை நம்பி சொன்னார். ஊரார் சொல்லும் கதைப்படி, கேட்ட கையோடு ராமானுஜர் கோயில் கோபுரத்தில் ஏறி ஊரையே கூப்பிட்டு அதைச் சத்தம்போட்டுச் சொல்லிவிட்டார். நரகம் போவாய் என்று குரு சீறினார். நான் ஒருவன் போனால் இத்தனை பேர் தப்புவார்களே என்றார் சீடர். குரு கட்டிப்பிடித்து ‘எம்பெருமானார்’ என்று பட்டம் கொடுத்தார். இன்றைய ஆலையில் என்றால் மனிதவளத் துறையிலிருந்து கடிதம் வந்திருக்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. கோபுரத்திலிருந்து சொன்னதைக் கேட்க எத்தனை பேர் வந்தாலும் தட்டுப்பாடு வரவில்லை. இன்டெல் புத்தகத்தில் சாவிக்கு ஒதுக்கியிருக்கும் இடம் மறுபடியும் நாலே பிட். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் இங்கே ஐந்தாவது பிட் வரவில்லை. 0 முன்னிருப்பாகப் போய்விடுவதால் லினக்ஸில் ஒரு புரோகிராம் கேட்டு வாங்கக் கூடியது அதிகபட்சம் பதினைந்து. அதற்கு மேலும் ஒன்று கேட்டால் கெர்னல் ஒரு பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். வட்டு நிரம்பினால் வருமே, அதே எண். இடமில்லை என்று அர்த்தம்.